ஓபன் காருக்கு எந்தத் தோல்?



வேலூருக்கு 'வெயிலூர்'னு இன்னொரு பேர் இருக்குன்னு முதல் வருஷம் ஹாஸ்டல்ல சேர்ந்த அன்னைக்கே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்த வெயில்ல, மேல கூரை இல்லாத ஒரு பழைய ரெண்டு சீட்டர் காரை நிறுத்தினா அதோட உள்பக்கம் என்ன ஆகும்? இந்தக் கட்டுரை அதைப் பத்தித்தான். அந்த உள்பக்கத்தை எப்படி மீட்கிறது, எதை மாத்தலாம், எதைத் தொடவே கூடாதுன்னு ஒரு இன்ஜினீயரிங் ஸ்டூடண்ட் கண்ணோட பார்ப்போம்.

முதல்லயே ஒரு தோல்விக் கதை. என் சித்தப்பாகிட்ட ஒரு பழைய ஓபன் கார் இருக்கு. சீட் கிழிஞ்சு ஸ்பாஞ்ச் வெளிய வந்துடுச்சு. "நீதான் தோல் ஊர் பக்கத்துலயே படிக்கிறியே, பார்த்துப் பண்ணுடா"ன்னு என்கிட்ட ஒப்படைச்சார். நானும் கெத்தா ஆம்பூர் போய், ஷூ ஆர்டர்ல மிஞ்சின நல்ல பளபளப்பான தோலைக் குறைஞ்ச விலைக்கு வாங்கிட்டு வந்து தைக்கக் கொடுத்தேன். ரெண்டு மாசம் சூப்பரா இருந்தது. ஏப்ரல், மே முடிஞ்சதும் நிறம் வெளுத்து, மடிப்பு விழற இடத்துல எல்லாம் வெடிச்சிடுச்சு. தோல் விற்றவர் மேல தப்பில்லை. அது நிஜமாவே நல்ல தோல்தான், ஆனா ஷூவுக்கு நல்ல தோல். அந்த வித்தியாசம் எனக்குத் தெரியலை. உங்களுக்காவது தெரியணும்னுதான் இதை எழுதறேன்.

நம்ம நாட்டுல ஓபன் கார் இருக்கா?

இருக்கு. சென்னையை அடுத்த வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு தயாரிச்சது. அது பிரிட்டனோட டிரையம்ப் ஹெரால்டு. டிசைன் பண்ணினவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கலோட்டி. நம்ம ஊர்ல ஓடினது பெரும்பாலும் கூரை உள்ள சலூன்தான். ஆனா அதே ஹெரால்டோட சேஸியைக் குட்டையாக்கி, அதே மிக்கலோட்டி வரைஞ்ச ஓபன் ஸ்போர்ட்ஸ் கார்தான் 1962-ல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். ஆக, அந்த ஸ்போர்ட்ஸ் காரோட அண்ணன் ஒருத்தர் நம்ம ஜிஎஸ்டி ரோட்டுல பிறந்தவர். அதுக்கு அப்புறம் கோவாவில் தயாரான சான் ஸ்டோர்ம் வந்தது. ஃபைபர் பாடி, ரெனோ இன்ஜின், துணிக் கூரை, ரெண்டே சீட். இது ரெண்டுமே இல்லாட்டியும் பரவாயில்லை, சாஃப்ட் டாப் ஜீப், ஜிப்ஸி எதுவா இருந்தாலும் கீழே சொல்றதுல முக்கால்வாசி பொருந்தும்.

கூரையில் ஆரம்பிங்க, சீட்டில் இல்லை

எல்லாரும் செய்யற தப்பு, நேரா சீட்டுக்குப் போறது. ஓபன் காருக்கு மூணு எதிரிகள்: மேலிருந்து வர்ற தண்ணி, தரையில் தேங்கற தண்ணி, வெயில். முதல் ரெண்டையும் முடிக்காம சீட் தைச்சா, அடுத்த வடகிழக்குப் பருவமழையிலேயே காசு கரைஞ்சிடும்.

கூரைத் துணி ரெண்டு வகை. ஒண்ணு வினைல் பூசினது. இன்னொண்ணு ரெண்டு துணிக்கு நடுவுல ரப்பர் ஷீட் வெச்சு அழுத்தினது. ரெண்டுலயும் துணி கிழியறதை விடத் தையல் வழியாத் தண்ணி இறங்கறதுதான் அதிகம். அதனால முதல்ல தையல் கோட்டைப் பாருங்க, அப்புறம் கண்ணாடியைச் சுத்தி இருக்கற ரப்பர் பீடிங்கைப் பாருங்க. பின்னாடி இருக்கற பிளாஸ்டிக் ஜன்னல் மஞ்சளாகி மங்கிப் போயிருந்தா அதை மட்டும் தனியா மாத்த முடியும், முழுக் கூரையும் மாத்தணும்னு அவசியமில்லை.

அடுத்தது வடிகால். நிறைய ஓபன் கார்கள்ல கூரை மடங்கி உட்கார்ற இடத்துக்குக் கீழ தண்ணி வடியறதுக்குச் சின்னக் குழாய் இருக்கும். வேப்பிலையும் புழுதியும் அடைச்சுக்கிட்டா தண்ணி பாடிக்குள்ளயே தேங்கி, கதவுக்குக் கீழ இருக்கற சில் பகுதியை உள்ளிருந்து துரு அரிச்சிடும். வெளிய பெயின்ட் கொப்பளிக்கிறப்பதான் நமக்குத் தெரியும். ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கம்பியை விட்டு மெதுவா அடைப்பை எடுங்க. ஒரு மக் தண்ணி ஊத்தி, கீழ வடியுதான்னு பாருங்க. செலவு பூஜ்யம், மிச்சமாகறது ஒரு பெரிய வெல்டிங் பில்.

தரை, சத்தம், வயர்

சீட்டையும் கார்ப்பெட்டையும் முழுசாக் கழட்டுங்க. கழட்டற ஒவ்வொரு போல்டையும் தனித்தனி கவர்ல போட்டு, எங்கிருந்து எடுத்ததுன்னு எழுதி வையுங்க, போட்டோ எடுங்க. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். திரும்ப மாட்டறப்ப இதுதான் உயிர்.

தரைத் தகட்டை ஒரு ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டிப் பாருங்க. 'டங்'னு சத்தம் வந்தா நல்ல இரும்பு. 'பொத்'னு வந்தா உள்ள துரு. மேலோட்டமான துருவை வயர் பிரஷ்ஷால சுரண்டி, பாஸ்பாரிக் அமிலம் உள்ள ரஸ்ட் கன்வர்ட்டர் பூசி, கழுவிக் காயவெச்சு, எபாக்ஸி பிரைமர் அடிக்கலாம். ஓட்டை விழுந்திருந்தா வெல்டிங்தான், அதுக்கு மேல பட்டி பூசி மறைக்காதீங்க. சீட்டும் பெல்ட்டும் அந்தத் தகட்டுல இருந்துதான் பலத்தை வாங்குது.

பழைய கார்கள்ல கார்ப்பெட்டுக்கு அடியில சணல் ஃபெல்ட் இருக்கும். அது தண்ணியை உறிஞ்சி மாசக்கணக்குல வெச்சிருக்கும், அதாவது இரும்புக்கு ஈர ஒத்தடம். அதை எடுத்துட்டு, தகட்டு மேல பியூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்டி, அதுக்கு மேல தண்ணி உறிஞ்சாத குளோஸ்டு செல் ஃபோம் போடுங்க. பியூட்டைல் ஷீட் தகட்டோட அதிர்வை வெப்பமா மாத்திக் குறைக்கும். அதனால தகடு முழுக்க மூட வேண்டியதில்லை, பெரிய தட்டையான பகுதிகளோட நடுவுல ஒட்டினாலே நல்ல பலன் கிடைக்கும்.

தரை காலியா இருக்கறப்பவே வயரிங்கையும் பார்த்திடுங்க. 1960-கள் வரை வந்த நிறைய பிரிட்டிஷ் கார்கள்ல பேட்டரியோட பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த். அதைத் தெரியாம ப்ளூடூத் ஆம்ப்ளிஃபையரோ மொபைல் சார்ஜரோ மாட்டினா, மாட்டின நொடியே புகை. முதல்ல மல்டிமீட்டர் வெச்சு எந்த முனை எர்த்னு உறுதிப்படுத்துங்க. புதுசா சேர்க்கற ஒவ்வொண்ணுக்கும் தனி ஃபியூஸ் கொடுங்க. இன்சுலேஷன் நொறுங்குற வயர் மேல புதுக் கார்ப்பெட் போடறது, தீப்பெட்டி மேல போர்வை போத்தற மாதிரி.

மாத்தணுமா, காப்பாத்தலாமா?

இப்ப சீட். கிழியலைன்னா அவசரப்படாதீங்க. சீட்டோட ஓரத்துல ஒரு சொட்டுத் தண்ணி வையுங்க. உடனே உறிஞ்சிக் கருப்பானா, மேல பூச்சு குறைவான அனிலின் வகைத் தோல். முத்து மாதிரி நின்னா பிக்மென்ட் பூச்சு உள்ள தோல், இல்லைன்னா ரெக்சின்.

ரெக்சின்னு நாம பொதுவாச் சொல்றது உண்மையில பிரிட்டன்ல தயாரான ஒரு தோல் துணியோட பிராண்ட் பேர். அன்னைக்கு விலை குறைஞ்ச ஸ்போர்ட்ஸ் கார்கள்ல வந்தது பெரும்பாலும் வினைல்தான். விலை கூடின கார்கள்லயும் உடம்பு படற முன்பக்கம் மட்டும் தோல், பக்கமும் முதுகும் வினைல்னு வைக்கறது வழக்கம். அதனால "ஒரிஜினலா மாத்தறேன்"னு சொல்லி முழுக்கத் தோல் போட்டா, அது ஒரிஜினல் இல்லை, அப்கிரேடு. ரெண்டுமே தப்பில்லை. ஆனா எதைச் செய்றோம்னு தெரிஞ்சு செய்யணும்.

தோல் இயல்பிலேயே லேசான அமிலத் தன்மை உள்ளது. அதனால காரமான துணி சோப்பு போட்டுத் தேய்ச்சா நாரும் பூச்சும் கெடும். நியூட்ரல் பிஎச் கிளீனர், மிருதுவான பிரஷ், ஈரத் துணி, நிழல்ல காயவைக்கறது, இவ்வளவுதான். தேங்காய் எண்ணெய், ஷூ பாலிஷ் ரெண்டும் வேண்டாம். எண்ணெய் புழுதியைப் பிடிக்கும், பாலிஷ் சட்டையில ஒட்டும். நிறம் மட்டும் போயிருந்தா, ஆல்கஹால்ல துடைச்சு, தண்ணி சார்ந்த பியு நிறப்பூச்சை மெல்லிசா நாலஞ்சு கோட் அடிச்சு, மேல ஒரு பாதுகாப்புப் பூச்சு கொடுத்தா பல வருஷம் ஓடும். தடிமனா ஒரே கோட் அடிச்சா உரிஞ்சிடும்.

சீட்டைப் பிரிக்கறப்ப

கிழிஞ்சே போச்சுன்னா பிரிக்க வேண்டியதுதான். உள்ள இரும்பு ஃபிரேம், அதுக்கு மேல ஸ்பிரிங் அல்லது ரப்பர் பட்டை, அதுக்கு மேல ஃபோம், கடைசியா உறை. உறையைச் சின்ன உலோக வளையங்கள் ஃபிரேமோட இழுத்துப் பிடிச்சிருக்கும்.

ரொம்ப முக்கியம்: பழைய உறையைக் குப்பையில போடாதீங்க. அதுதான் உங்க டிராயிங். தையலைப் பிரிச்சு ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் போட்டு, எந்தத் துண்டு எதோட சேருதுன்னு ஓரத்துல கோடு போட்டுட்டு, அப்புறம் அட்டையில வெட்டி டெம்ப்ளேட் எடுங்க. பழைய தோல் வருஷக்கணக்குல இழுபட்டிருக்கும், அதையும் கணக்குல எடுத்துக்கணும். முதல்ல விலை குறைஞ்ச துணியில ஒரு மாதிரி தைச்சுப் போட்டுப் பார்க்கறது புத்திசாலித்தனம்.

ஃபோம் கடையில "40 டென்சிட்டி"ன்னு சொன்னா, ஒரு கன மீட்டர் 40 கிலோன்னு அர்த்தம். அதைச் சோதிக்கறது ஈஸி. 50 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 10 செ.மீ. தடிமன் உள்ள துண்டு 0.025 கன மீட்டர். 40 டென்சிட்டின்னா சரியா 1 கிலோ இருக்கணும். தராசுல வெச்சுப் பாருங்க. ஆனா டென்சிட்டியும் கடினமும் ஒண்ணில்லை. டென்சிட்டி எவ்வளவு நாள் உழைக்கும்னு சொல்லும். எவ்வளவு அமுங்கும்னு உட்கார்ந்து பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்.

தோல்னா என்ன?

மாட்டுத் தோல் ஒரு புரத வலை. கொலாஜன்னு பேர். பச்சைத் தோலைத் தண்ணியில சூடாக்கினா 65 டிகிரி செல்சியஸ் பக்கத்துல சுருண்டு பசையாகும், வெயில்ல விட்டா காய்ஞ்சு விறைக்கும், ஈரமா வெச்சா அழுகும். பதனிடறதுன்னா அந்த வலையோட இழைகளுக்கு நடுவுல குறுக்குப் பாலம் போடறது. சிவில் ஸ்டூடண்ட்ஸுக்குச் சொல்லணும்னா, வெறும் தூண்களுக்கு நடுவுல பிரேசிங் கொடுக்கற மாதிரி.

தமிழ்நாட்டோட பழைய முறை ஆவாரம் பட்டை. அதுல இருக்கற டானின்தான் பாலம். பிற்பாடு வாட்டில் மரப்பட்டையும் சேர்ந்தது. 20-ம் நூற்றாண்டு தொடக்கத்துல, இன்னைக்குக் கிண்டியில இருக்கற இன்ஜினீயரிங் கல்லூரியோட பழைய பேராசிரியர் ஆல்ஃபிரட் சாட்டர்டன், மெட்ராஸ்ல குரோம் பதனிடலைச் சோதிச்சுப் பரப்பினார். கிணத்துல கவலை இறைக்கற தோல் பைக்கு அந்தத் தோல் நல்லா தாங்கும்ங்கறது அவர் கொடுத்த காரணங்கள்ல ஒண்ணு. குரோம்பேட்டைங்கற ஊர்ப் பேரே அங்க இருந்த குரோம் லெதர் தொழிற்சாலையால வந்ததுதான். 1948-ல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. இன்னைக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தோட பி.டெக். லெதர் டெக்னாலஜி மாணவர்கள் பலரோட வாழ்க்கை அங்கதான் ஆரம்பிக்குது.

குரோம் தோல் கொதிக்கற தண்ணியையே தாங்கும். பட்டைத் தோல் 70 முதல் 85 டிகிரிக்குள்ள சுருங்கிடும். வீட்டிலேயே சோதிக்கலாம். கடைக்காரர்கிட்ட ஒரு விரல் அகலத் துண்டு கேட்டு வாங்கி, ஓரத்தைப் பேப்பர்ல வரைஞ்சுக்கிட்டு, ஒரு நிமிஷம் கொதிக்கற தண்ணியில போட்டு எடுங்க. அளவு மாறலைன்னா குரோம். சுருண்டா பட்டைத் தோல், இல்லைன்னா குரோம் இல்லாத 'வெட் ஒயிட்' வகை.

ஷூ தோலும் சீட் தோலும்

இப்ப என் தோல்விக்கு வருவோம். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டைன்னு இந்தப் பட்டியில செய்யற தோலோட பெரும்பகுதி ஷூ அப்பருக்குப் போறது. ஷூவுக்கு வேண்டியது: வடிவத்தைப் பிடிச்சு நிக்கணும், நடக்கறப்ப லட்சக்கணக்கான முறை மடங்கணும். சீட்டுக்கு வேண்டியது வேற: மணிக்கணக்குல வெயில்ல நிறம் மாறாம நிக்கணும், வியர்வை பட்டு ஜீன்ஸ் தேய்ஞ்சாலும் பூச்சு போகக் கூடாது, மூடின காருக்குள்ள ஆவி விடக் கூடாது.

அதனால வாங்கறப்ப "நல்ல தோலா?"ன்னு கேட்காதீங்க. இதைக் கேளுங்க.

ஒண்ணு, ஒளித் தாங்கும் திறன். செனான் விளக்குக்குக் கீழ வெச்சு, நீலக் கம்பளித் துணி அளவுகோலோட ஒப்பிட்டு 1 முதல் 8 வரை மதிப்பெண் கொடுப்பாங்க. ஓபன் காருக்கு 6-க்குக் குறையாம இருந்தா நல்லது. ரிப்போர்ட் இல்லைன்னா, ஒரு துண்டோட பாதியை அலுமினியத் தாள்ல சுத்தி ஹாஸ்டல் மொட்டை மாடியில ஒரு மாசம் வையுங்க. வேலூர் வெயில் இலவச லேப்.

ரெண்டு, ஃபாகிங். சூடான காருக்குள்ள தோலோட எண்ணெயும் பூச்சுல இருக்கற கரைப்பானும் ஆவியாகிக் கண்ணாடியில படலமாப் படியும். ராத்திரி எதிர்ல லைட் வந்தா அந்தப் படலம் கண்ணைக் கூசவைக்கும். ஒரு துண்டைக் கண்ணாடி ஜாடியில போட்டு, மூடியாக் கண்ணாடித் தட்டு வெச்சு, ஜாடியைச் சுடுதண்ணியில உட்கார வெச்சா, தட்டுல என்ன படியுதுன்னு கண்ணாலயே பார்க்கலாம்.

மூணு, தீ. கார் உள்பொருள்களுக்கான ஐஎஸ் 15061 தரம், நெருப்பு நிமிஷத்துக்கு 100 மி.மீ.-க்கு மேல பரவக் கூடாதுன்னு சொல்லுது. ஃபோமும் கார்ப்பெட்டும் வாங்கறப்பவும் இதைக் கேளுங்க.

நாலு, ஆறு வேலன்ஸி குரோமியம். தோல்ல இருக்கறது மூணு வேலன்ஸி குரோமியம், அது பெரிய ஆபத்தில்லை. ஆனா பதனிட்ட பிறகு தோலை மிருதுவாக்கச் சேர்க்கற சிலவகை எண்ணெய்கள் வெப்பத்திலயும் ஒளியிலயும் ஆக்ஸிடைஸ் ஆகறப்ப, கொஞ்சம் குரோமியம் ஆறு வேலன்ஸிக்கு மாறலாம். அது தோல் அலர்ஜி தரக்கூடியது, புற்றுநோய்க் காரணி. ஐரோப்பிய யூனியன் 2015 மே முதல், உடம்புல படற தோல் பொருள்ல கிலோவுக்கு 3 மில்லிகிராம்தான் அதிகபட்சம்னு வரம்பு வெச்சிருக்கு. பட்டைச் சாறு கொண்டு மறுபதனிடல் செஞ்சா அந்த மாற்றம் குறையும், ஏன்னா டானின் ஒரு ஆன்ட்டி ஆக்ஸிடன்ட். ஓபன் காரோட சீட் வெயில்லயே கிடக்கும், அதுல உட்கார்றது நாம. ஏற்றுமதி பண்ற டேனரிகள்கிட்ட இந்த ரிப்போர்ட் இருக்கும். கூச்சப்படாமக் கேளுங்க.

தடிமன் 1.0 முதல் 1.2 மி.மீ. போதும். பியு செயற்கைத் தோல் விலை குறைவு, ஆனா மலிவான ரகங்கள் ஈரத்திலயும் வெயிலிலயும் சில வருஷத்துல செதில் செதிலா உரியும். நல்ல கனமான பிவிசி ரெக்சின் அதை விட ரொம்ப நாள் உழைக்கும். பட்ஜெட் இல்லைன்னா மட்டமான தோலை விட நல்ல ரெக்சின் மேல்.

எவ்வளவு வாங்கணும்?

தோலைச் சதுர அடிக் கணக்குல விப்பாங்க. ஆனா தோல் துணி ரோல் மாதிரி இல்லை. மாட்டோட உடம்பு எப்படியோ அப்படித்தான் இருக்கும். முதுகும் பின்பக்கமும் இறுக்கமானது, குறைவா நீளும். வயிறும் கால் பக்கமும் தளர்வானது. உட்கார்ற நடுத் துண்டை முதுகுப் பகுதியில இருந்து வெட்டணும். வயித்துப் பகுதியை முதுகு சாயற சீட்டோட பின்பக்கத்துக்கு வெச்சுக்கலாம்.

உதாரணத்துக்கு, உங்க டெம்ப்ளேட் எல்லாம் சேர்த்து 36 சதுர அடின்னு வையுங்க. வடு, உண்ணிக் கடி, ஓரம், வளைவு எல்லாம் போக 35 சதவீதம் வீணாகும்னு எடுத்தா, 36 வகுத்தல் 0.65, சுமார் 55 சதுர அடி வாங்கணும். எல்லாத் தோலையும் ஒரே லாட்ல வாங்குங்க. அடுத்த மாசம் அதே நிறம் கேட்டா கிடைக்காது, டிரம்முக்கு டிரம் நிறம் மாறும்.

தையல்: இங்கதான் நம்ம ஊர் ஜெயிக்குது

தோலைத் தைச்சா விழுந்த ஓட்டை திரும்ப மூடாது. அதனால நெருக்கமாத் தைச்சா பலம்னு நினைக்காதீங்க. தபால் தலை ஓரம் மாதிரி கிழிஞ்சிடும். ஒரு தையல் சுமார் 4 மி.மீ. இருக்கட்டும். நைலான் நூல் பலமானதுதான், ஆனா புற ஊதாக் கதிர்ல வலு இழக்கும். ஓபன் காருக்கு பாண்டட் பாலியஸ்டர் நூல் கேளுங்க. தோலுக்கான வெட்டு முனை ஊசி, ரெண்டு பக்கமும் சேர்த்து இழுக்கற வாக்கிங் ஃபுட் மெஷின், ரெண்டும் அவசியம். மடிக்கற ஓரத்தை ஸ்கைவிங் பண்ணி மெல்லிசாக்கினாத்தான் தையல் மேடு தட்டாது.

இந்த வேலை எல்லாமே ஷூ அப்பர் பண்றவங்களுக்குத் தினசரி வேலை. ஆம்பூர் சுத்துவட்டாரத்துல ஷூ அப்பரைக் கையால தைக்கற பெண்கள் நிறைய பேர், பீஸ் கணக்குக் கூலிக்கு வீட்டிலிருந்தே செய்றாங்க. ஸ்டியரிங் வீல்ல தோல் சுத்திக் கைத்தையல் போடணும்னா அவங்க கையை விட நல்ல கை கிடைக்காது. பேரம் பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிங்க: ஒரு ஸ்டியரிங்குக்கு ரெண்டு ஊசி பிடிச்சு நூத்துக்கணக்கான தையல். நீங்க ஒரு பத்துத் தையல் போட்டுப் பார்த்துட்டு விலை பேசுங்க.

சீட் பெல்ட்டைத் தைக்கவோ சாயம் போடவோ கூடாது. பழசானா புதுசுதான். ஏர்பேக் உள்ள கார்னா பேட்டரியைக் கழட்டிட்டு, அந்த வேலையைத் தெரிஞ்சவங்ககிட்ட விட்டுடுங்க.

பாலாறு சொல்ற விலை

இவ்வளவு நேரம் தோலைப் புகழ்ந்தாச்சு. இப்ப அதோட பில். வழக்கமான முறையில டிரம்ல போடற குரோமியத்துல சுமார் 30 முதல் 40 சதவீதம் தோல்ல ஏறாமத் தண்ணியோட வெளிய போகும். பச்சைத் தோலைக் கெடாம வைக்கப் போடற உப்பு இன்னும் பெரிய பிரச்சினை, ஏன்னா அதைச் சாதாரணச் சுத்திகரிப்பு எடுக்காது.

வேலூர் குடிமக்கள் நலப் பேரவை போட்ட வழக்குல 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை, சுற்றுச்சூழல் பாடத்துல 'மாசுபடுத்துபவரே செலுத்த வேண்டும்'னு ரெண்டு மார்க்குக்குப் படிச்சிருப்போம். தோல் பட்டியில சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுசாவோ பாதியாவோ பயிருக்கு உதவாமப் போச்சுன்னு அந்தத் தீர்ப்புலயே இருக்கு. அது நாம தினமும் பஸ்ல கடக்கற நிலம். 2015 ஜனவரி 31-ல் ராணிப்பேட்டை சிப்காட்ல கழிவுத் தொட்டிச் சுவர் இடிஞ்சு 10 பேர் இறந்தாங்க. அதே ராணிப்பேட்டையில, 1990-கள்ல மூடின ஒரு குரோமேட் ஆலையோட கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல மலையாக் குவிஞ்சு கிடந்தது. 2025 ஜனவரி 30-லயும் உச்ச நீதிமன்றம் பாலாறு பற்றித் திரும்பத் தீர்ப்பு சொல்ல வேண்டி வந்தது.

மறுபக்கமும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்திருக்கு. ஆர்ஓ-வும் ஆவியாக்கிகளும் வெச்சுத் தண்ணியை மீட்கறாங்க. மிஞ்சின குரோமியத்தை மெக்னீசியம் ஆக்ஸைடு போட்டு வீழ்படிவாக்கி, கந்தக அமிலத்துல கரைச்சு மறுபடி பயன்படுத்தற முறை நடைமுறையில இருக்கு. தண்ணி சேர்க்காமக் குரோம் ஏத்தற முறையை அடையாறு நிறுவனம் உருவாக்கியிருக்கு. லட்சக்கணக்கான குடும்பங்களோட சாப்பாடு இந்தத் தொழில்தான். மூடுங்கன்னு சொல்றது ஈஸி, கழிவைக் குறைக்கற டிசைன் பண்றது கஷ்டம். அந்தக் கஷ்டமான வேலை நம்ம டிபார்ட்மென்ட் வேலை.

கார்காரரா நாம செய்யக் கூடியது சின்னது, ஆனா நிஜமானது. காப்பாத்த முடிஞ்ச சீட்டைக் காப்பாத்துங்க. தேய்ஞ்ச துண்டை மட்டும் மாத்துங்க. 20 வருஷம் உழைக்கற தோலா வாங்குங்க. என்ன மாதிரி ஒரே கோடையில வீணாக்கினா, அந்த 55 சதுர அடிக்குச் செலவான தண்ணியும் உப்பும் குரோமியமும் சும்மா பாலாத்துல போன மாதிரிதான்.

ஆர்டிஓ பயம்

சீட் உறை, கார்ப்பெட், கதவு அட்டை மாத்தறதுக்கு ஆர்சியில எந்த மாற்றமும் வராது. ஆனா மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, ஆர்சியில இருக்கற விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறற மாதிரி எதையும் மாத்தக் கூடாது. பின்னாடி எக்ஸ்ட்ரா சீட் போடற ஐடியா இருந்தா விட்டுடுங்க. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டி, ஒரிஜினல் வடிவத்துல இருக்கற வண்டிகளுக்கு 2021-ல் வந்த விதிப்படி 'விஏ' எழுத்தோட தனி விண்டேஜ் நம்பர் வாங்கலாம். தினசரி ஓட்ட அனுமதி இல்லை. உங்க வீட்டு ஹெரால்டு அந்த வயசைத் தாண்டியிருந்தா, பழைய பாகம் எதையும் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி இதை யோசிங்க.

கடைசியா

சித்தப்பா கார் இப்ப திரும்பவும் ஷெட்ல. இந்த முறை கூரைத் தையல் முடிஞ்சது, வடிகால் திறந்தாச்சு, தரை பிரைமர் காய்ஞ்சாச்சு. தோல் இன்னும் வாங்கலை. நாலு டேனரித் துண்டுகள் பாதி அலுமினியத் தாள் சுத்தி எங்க பிளாக் மொட்டை மாடியில வெயில் காயுது. ஒரு மாசம் முடிஞ்சதும் எது ஜெயிக்குதோ அதுதான் சீட். "எப்படா முடியும்?"னு சித்தப்பா போன வாரம் கேட்டார். "வெயில் சொல்லட்டும் சித்தப்பா"ன்னேன்.

உங்க வீட்டு ஷெட்லயும் ஒரு பழைய வண்டி தூங்கிட்டு இருந்தா, இந்த செமஸ்டர் லீவுல முதல்ல அந்த வடிகாலை மட்டும் திறந்து பாருங்க. மீதி தானா ஆரம்பிக்கும்.